முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் செத்தவள்

நான் ஒரு பெண்ணைக் கொன்றிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலே முக்கால் மணிக்கு, அண்ணனூரில் எங்கள் குடியிருப்பின் சங்கக் கூடத்தில், அறுபது எழுபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மைக்கில். இத்தனை வருஷம் கழித்து அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவள் சாக வேண்டியவள்தான். நாவலில் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், சந்தேகத்துக்கு இடமில்லாமல் சாகிறாள். படம் எடுத்தவன் எவனோ அவளைப் பிழைக்க வைத்தால் அதற்கு நானா பொறுப்பு? (ஆத்திரம் வருகிறது. இருங்கள், ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.)

என் பெயர் முரளி. கும்பகோணத்துப் பக்கம். வேலைக்காகச் சென்னைக்கு வந்து, அண்ணனூரில் மின்சார ரயில் ஷெட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நண்பன் சுரேஷுடன் வாடகைக்கு இருந்தேன். வேலை, சாஃப்ட்வேர் டெஸ்டிங். அதாவது, மற்றவர்கள் செய்ததை முழுதாக ஓட்டிப் பார்த்து, எங்கே தப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்து, அவர்கள் மானத்தை வாங்குவது. 'முழுதாக ஓட்டிப் பார்த்து' என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நீங்கள் அதை எடுத்து என் மேலேயே எறியப் போகிறீர்கள்.

ஏ பிளாக்கில் பவானி இருந்தாள். நானும் அவளும் கல்யாணம் செய்துகொள்வது என்று எங்களுக்குள் முடிவாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பாக்கி இருந்தது அவள் அப்பா ஏகாம்பரம் மட்டும். அந்தக் குடியிருப்பு நிற்கும் இடமே ஒரு காலத்தில் அவர்கள் குடும்பம் கத்தரிக்காய் போட்ட நிலம். அவர் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு போல்ட்டைக்கூட அளந்து பார்க்காமல் பாஸ் பண்ணாத மனிதர். பவானி எங்கள் விஷயத்தை வீட்டில் சொன்னபோது அவர் கத்தவில்லை, கதவைச் சாத்தவில்லை. "வெளியூர்ப் பையன். அவனப் பத்தி எனுக்கு இன்னா தெரியும்? பாத்துட்டு சொல்றேன்" என்றாராம். பார்த்தார், பார்த்தார், நாலு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தார். லிஃப்டில் எதிர்ப்பட்டால் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை. எங்கே மறை கழன்றிருக்கிறது என்று தேடுகிற பார்வை.

அப்போதுதான் சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. செயலாளர் பாட்டுக்குப் பாட்டு வைக்கலாம் என்றார். நான் எழுந்து, ஊமைப்படம் போடலாம் என்றேன். நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் எடுத்த காதல் படம். அதன் மூலமான நாவலை நான் ஆங்கிலத்தில் மூன்று தடவை படித்து மூன்று தடவையும் அழுதிருக்கிறேன். (நாவலின் பெயரைக் கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை உச்சரிக்கத் தடை.)

ஏன் ஊமைப்படம்? என் கணக்கு அப்படி. பேசும் படம் போட்டால் படம் பேசும், நான் எப்போது பேசுவது? ஊமைப்படம் என்றால் நடுநடுவே எழுத்து வரும். அது இத்தாலிய மொழியில் இருக்கும், அண்ணனூரில் யாருக்கும் புரியாது. திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று மைக்கில் கதை சொல்லியே ஆக வேண்டும். அந்த ஆள் நான். ஒன்றரை மணி நேரம் என் தமிழை ஏகாம்பரம் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பார். அசந்துபோவார். பெண்ணைக் கொடுப்பார். இதில் எங்கே ஓட்டை இருக்கிறது, சொல்லுங்கள்?

ஓட்டை இருந்த இடத்தைச் சுரேஷ் அன்றைக்கே விரலால் தொட்டான். "மச்சான், படத்த முழுசா பாத்தியா?"

"அதெல்லாம் அத்துப்படி" என்றேன். இருபது நிமிஷம் பார்த்திருந்தேன். அதற்குள் கதாநாயகி எலேனா மூன்று தடவை ஜன்னலுக்கு வந்து மூன்று தடவை உள்ளே போனாள். எனக்குத் தூக்கம் வந்தது. மிச்சத்தைப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். நாற்பத்திரண்டு பக்கம். ஒரு நாவலைப் படமாக்குகிறவன் அந்த நாவலைத்தானே எடுப்பான் என்று நம்பியது ஒரு குற்றமா?

பவானியும் கேட்டாள். "அப்பா வரேன்னுட்டாரு. நீ படத்த பாத்துட்ட இல்ல?"

"எலேனா என்னைக் கேட்டுத்தான் கண் சிமிட்டுவாள்" என்றேன்.

"இந்த மாதிரி அவர்கிட்ட பேசாத" என்றாள்.

ஞாயிறு மூன்றரை மணி. ஜன்னல்களுக்கெல்லாம் போர்வை கட்டி இருட்டாக்கினோம். சுவரில் வெள்ளை வேட்டி. அந்தப் பக்கம் ரயில் போகும்போதெல்லாம் வேட்டி லேசாக ஆடி, இத்தாலிக்கே நிலநடுக்கம் வந்தது. கூட்டம் சேர்ந்ததற்குக் காரணம் கலை ஆர்வம் என்று நான் நினைத்தேன். படம் முடிந்ததும் பஜ்ஜி உண்டு என்று செயலாளர் வாட்ஸப்பில் போட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. ஏகாம்பரம் முதல் வரிசையில் நடுவில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் பவானி. சுரேஷ் லேப்டாப்பைத் தட்டினான்.

கதை இதுதான். பணக்காரர் வீட்டுப் பெண் எலேனா. கடிகாரம் பழுதுபார்க்கும் மார்க்கோவைக் காதலிக்கிறாள். அப்பா சம்மதிக்கவில்லை. மார்க்கோ போருக்குப் போகிறான். எலேனா நோயில் விழுகிறாள். அப்பா கடைசிவரை மனம் இளகாமல், அவள் சாகிறாள். ஒரு நாள் தாமதமாக மார்க்கோ வந்து சேர்கிறான். ஏகாம்பரத்துக்கு மறைமுகமாக ஒரு சேதி சொல்ல இதைவிடத் தோதான கதை உலகத்தில் உண்டா?

முதல் இருபது நிமிஷம் பிரமாதம். "மையல் கொண்ட மங்கை மாடத்தில் நின்றாள்" என்று நான் சொன்னேன். மங்கை மாடத்தில் நின்றாள். ஏகாம்பரம் தலையை லேசாக ஆட்டியதை நானே பார்த்தேன். தலைகால் புரியவில்லை எனக்கு.

அப்புறம் மீசை வைத்த ஒருவன் வந்தான். நாவலில் மீசை வைத்தவன் எலேனாவின் மாமன் மகன், பாம்பு. "இதோ வருகிறான் நயவஞ்சகன்!" என்று கர்ஜித்தேன். அவன் வழியில் போன ஒரு கிழவியின் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தான். பிறகு ஒரு குழந்தைக்கு மிட்டாய் கொடுத்தான். பிறகு தோள்பையிலிருந்து கடிதம் எடுத்து ஒரு வீட்டில் கொடுத்தான்.

"தம்பி" என்றார் ஏகாம்பரம். "இவுரு போஸ்ட்மேன் மாரி கீறாரு?"

அப்போதாவது, "தெரியலை சார், இந்த இடம் நான் பார்க்கவில்லை" என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னேன்: "வேஷம் ஐயா. உள்ளே அத்தனையும் நஞ்சு."

படம் முடியும்வரை அந்த நஞ்சு எல்லாருக்கும் கடிதம் கொடுத்துக்கொண்டும் மாட்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டும் இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஏகாம்பரம் திரையைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். என்ன செய்வேன்? இனி திரையைப் பார்த்தால்தானே குழப்பம் என்று, திரைக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டேன். காகிதத்தில் இருந்தது போதும் எனக்கு.

எலேனா படுக்கையில் விழுந்தாள். கூடம் அமைதியானது. பி பிளாக் கல்பனா அக்கா முந்தானையை எடுத்தார். நான் குரலைத் தாழ்த்தி, முப்பத்தொன்பதாம் பக்கத்தைப் புரட்டினேன். நேராக ஏகாம்பரத்தைப் பார்த்துச் சொன்னேன்: "எலேனாவின் விழிகள் மூடின. இனி அவை திறவா. நோய் கொல்லவில்லை அவளை. ஒரு தகப்பனின் பிடிவாதம் கொன்றது! மகளின் பிணத்தின் முன்னே அந்தக் கல்நெஞ்சன் தனியே நிற்கிறான், பாருங்கள்!"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு நடுவரிசை. பிறகு கல்பனா அக்காவே முந்தானைக்குள் குலுங்கினார். அழுகை என்று நினைத்தேன், இல்லை.

எனக்கு வந்ததே கோபம்! காகிதத்தைக் கீழே வீசினேன். "ஒரு பெண் செத்துக் கிடக்கிறாள், உங்களுக்குச் சிரிப்பா? மனுஷங்கதானா நீங்க? பஜ்ஜிக்கு வந்த கூட்டத்துக்குப் படம் போட்டது என் தப்பு!" என்றேன். மைக்கில். ஒட்டுமொத்தக் குடியிருப்பையும் பார்த்து.

ஏகாம்பரம் கட்டிய கையைப் பிரித்தார். மிகவும் நிதானமாகச் சொன்னார்.

"தம்பி. பொண்ணு எய்ந்து கஞ்சி குடிச்சிகினு கீது."

திரும்பினேன். வேட்டியில், எனக்குப் பின்னால், எலேனா தலையணையில் சாய்ந்து கிண்ணத்திலிருந்து எதையோ ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். ஊட்டிவிடுவது அந்தக் கல்நெஞ்சன். பக்கத்தில் மார்க்கோ, ஒரு நாள்கூடத் தாமதமாகாமல்.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் மன்னிப்புக் கேட்டுவிட்டு மைக்கை அணைத்திருப்பான். நான், "அது... அவளுடைய ஆவி ஐயா" என்றேன்.

"ஆவி கஞ்சி குடிக்குமா?"

"இத்தாலியில்..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் தேவாலயத்தில் மணி அடித்தது. பூ கொட்டியது. "ஆவிக்கு கண்ணாலம் பண்றாங்கோ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்பா, எலேனாவின் கையைப் பிடித்து மார்க்கோவின் கையில் வைத்தார். என் நயவஞ்சகன் முதல் ஆளாகக் கை தட்டினான்.

"படம் தப்பு!" என்று கத்தினேன். அழுகையே வந்துவிட்டது. "இதை எடுத்தவன் புத்தகத்தைப் படிக்கவே இல்லை!"

ஏகாம்பரம் எழுந்தார். "அவன் பொஸ்தகத்த படிக்கல. நீ படத்த பாக்கல" என்று சொல்லிவிட்டு, பஜ்ஜிகூடச் சாப்பிடாமல் போனார். பின்னாலேயே போன பவானி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுரேஷ் மட்டும் பக்கத்தில் வந்து, "மச்சான், சூப்பர் காமெடி" என்றான். அன்று முதல் ஒரு வாரம் நான் அவனோடு பேசவில்லை.

கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் சாயங்காலம் பவானி போன் செய்தாள். "அப்பா உன்ன ஊட்டுக்கு வர சொன்னாரு. அந்த பொஸ்தகத்தயும் எட்த்துகினு வரணுமாம்." குரலில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

போனேன். போகும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆதாரத்தோடு நிரூபித்துவிடுவது என்று முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டேதான் வாசலில் நின்றேன். ஏகாம்பரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "படி, தமிழ்ல சொல்லு" என்றார். சொன்னேன். எலேனா செத்தாள், முறையாக. நாலாவது தடவையாக நான் அழுதேன்.

"செரி. பொஸ்தகத்துல பொண்ணு செத்து பூட்ச்சி. ஒத்துக்கறேன். இப்ப நீ சொல்லு. படத்த பாத்தேன்னு என் பொண்ணாண்ட சொன்னியே, பாத்தியா?"

அந்தக் கண்ணாடிக்குள்ளிருந்து வந்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. "பாக்கலை சார். இருபது நிமிஷம்தான். தூக்கம் வந்துடுச்சு. போஸ்ட்மேன் யாருன்னே எனக்குத் தெரியாது."

"இத நேத்தே சொல்லிருந்தா இன்னா? தெர்லன்னா தெர்லன்னு சொல்லு. மூட்ட தூக்கறவன வில்லன்ற, கஞ்சி குடிக்கறத ஆவின்ற. நாளைக்கி என் பொண்ணுக்கு ஒண்ணுன்னா, அப்பவும் பாக்காமயே எனுக்கு போன் பண்ணி கத சொல்லுவியா?"

அன்றுதான் எனக்குப் புரிந்தது, அவர் என் தமிழையோ ஊரையோ அளக்கவில்லை. என் பேச்சை நம்பி மகளை அனுப்பலாமா என்றுதான் நாலு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குந்து" என்றார். படத்தைப் பவானி டிவியில் போட்டாள். நான், அவர், அவள் மூன்று பேரும் முதலிலிருந்து கடைசிவரை பார்த்தோம். நான் வாயைத் திறக்கவில்லை. (ஜன்னல் காட்சி மூன்று அல்ல, ஐந்து.) எலேனா எழுந்து கஞ்சி குடித்தபோது பவானி என்னைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். கல்யாணம் முடிந்து திரை கறுத்ததும் ஏகாம்பரம் கண்ணாடியைக் கழற்றினார்.

"பொஸ்தகத்துல அப்பன் ஒத்துக்கல, பொண்ணு பூட்ச்சி. இதுல ஒத்துக்கினான், பொண்ணு கீது. எனுக்கு பொண்ணு கீற கத போதும். ஊர்ல உங்க அப்பா அம்மாவ வரச் சொல்லு." எழுந்து போனவர் திரும்பி நின்று சேர்த்துக்கொண்டார்: "கண்ணாலத்துல நீ மைக்க தொடக் கூடாது."

தொடவில்லை. நன்றி சொல்லக்கூட என்னை விடவில்லை, எனக்குப் பதிலாகச் சுரேஷ்தான் மைக்கில் சொன்னான். அதன் பிறகு அந்தக் குடும்பத்தில் என் பேச்சுக்கு உள்ள மரியாதையைக் கேளுங்கள். மழை வருகிறது என்றால், "பாத்தியா, பொஸ்தகத்துல படிச்சியா?" ஆவடி வண்டி போய்விட்டது என்றால், "பாத்தியா, பொஸ்தகத்துல படிச்சியா?" கல்யாணத்துக்கு வந்த என் பெரியப்பா முதற்கொண்டு இதைக் கற்றுக்கொண்டுவிட்டார். கும்பகோணம் வரை என் மானம் போயிற்று.

போன வருஷம் பவானிக்குப் பிரசவம். காலையில் வலி எடுத்து, மதியம் வரை உள்ளே ஒரு தகவலும் இல்லை. ஏகாம்பரம் ஆஸ்பத்திரி நடைவழியில் உட்காராமல் நடந்துகொண்டே இருந்தார். மூன்று மணிக்கு நர்ஸ் என்னை மட்டும் உள்ளே விட்டார். பார்த்துவிட்டு ஓடி வந்தேன். "மாமா, பொண்ணு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!"

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கேலி இல்லாமல், அந்த ஒரு தடவை நிஜமாகவே கேட்டார்: "பாத்தியா?"

"பாத்தேன் மாமா. என் கண்ணால பாத்தேன். எழுந்து கஞ்சி குடிக்கிறா."

அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"என் பொண்ணு குடிக்கிறது கஞ்சி இல்ல, பாலு மாப்ளே" என்றார். "நீ இன்னும் செரியா பாக்கல."