பூசணிக்காய் அணைத்த பிரேக் விளக்கு

சனிக்கிழமை என்றால் ஓசூரை ஒட்டிய கர்நாடக எல்லை ஜூஜுவாடியில் காலை ஆறு மணிக்கே வரிசை நின்றுவிடும். ரேஷன் கடை வரிசை இல்லை. எல்லாம் பெரிய பெரிய வெளிநாட்டு வண்டிகள். புதிதாக இருந்தபோது ஒவ்வொன்றும் எழுபது லட்சம், எண்பது லட்சம். இப்போது ஒவ்வொன்றுக்கும் பத்து வயது. பெங்களூருக்காரர் ஓட்டி, அலுத்து, தள்ளிவிட்டதை நம்மவர்கள் தவணையில் வாங்கி, கழுவித் துடைத்து, மாலை போட்டு இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மந்திரி வீட்டுக் கல்யாணம். கிட்டே போய்க் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

அந்த விளக்கை அணைக்கத்தான் வாகனச் சித்தர் அவதாரம் எடுத்திருந்தார்.

பூர்வாசிரமத்தில் அவர் பெயர் வெங்கடப்பன். அவருக்கு ஞானம் எப்போது பிறந்தது என்று யாருக்கும் தெரியாது. பேனர் பிறந்தது போன வருஷம். மூடிக் கிடந்த எடைமேடை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, தகரம் வேய்ந்து, 'முன் ஓனர் தோஷம் நீக்கப்படும்' என்று தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் எழுதி மாட்டினார். எந்த மொழிக்காரன் ஏமாந்தாலும் அவருக்குச் சம்மதம்தான்.

அவருடைய தத்துவம் எளிமையானது. பழைய வண்டி வாங்கினால் பழைய ஓனரின் பாவமும் கூடவே வரும். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றலாம், பாவத்தில் பெயர் மாற்ற ஆர்.டி.ஓ.வால் முடியாது. மஞ்சள் விளக்கு எரிந்தால் கண்திருஷ்டி, காணிக்கை ஐயாயிரத்து ஒன்று. சிவப்பு விளக்கு எரிந்தால் சாபம், பதினோராயிரத்து ஒன்று. மெக்கானிக் இருநூறு ரூபாய் கூடக் கேட்டால் அரை மணி நேரம் பேரம் பேசுகிற ஆசாமிகள், இங்கே க்யூ.ஆர். அட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பணம் அனுப்பினார்கள்.

வரிசையில் நாலாவது வண்டிக்குள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர் சுடலைமுத்து. சொந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். இருபது வருஷமாக ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு சூப்பர்வைசர். நாற்பது ரூபாய் புஷ் வளையம் ஒன்றை மூன்று அளவுக் கேஜ் போட்டுப் பார்ப்பார். ஒரு மயிரிழை கூடினாலும் சிவப்புத் தொட்டியில் வீசிவிடுவார். ஸ்கூட்டரில் எலுமிச்சம்பழம் கட்டுகிறவனைக் கண்டால் பார்க்கிங்கிலேயே நிறுத்திப் பகுத்தறிவுப் பாடம் எடுப்பார்.

அப்பேர்ப்பட்டவர் பதினான்கு லட்ச ரூபாய் வண்டியை எப்படிப் பரிசோதித்தார் தெரியுமா? கதவைத் திறந்தார். தோல் சீட்டை முகர்ந்து பார்த்தார். கதவைச் சாத்தினார். 'தொப்' என்று கனமாக ஒரு சத்தம் வந்தது. வாங்கிவிட்டார்.

பிறகுதான் வண்டி தன் ஜாதகத்தைப் படிக்கத் தொடங்கியது. நாலு டயர் மாற்ற ஒரு லட்சத்து இருபதாயிரம். ஒரு தடவை ஆயில் மாற்ற இருபத்தெட்டாயிரம். லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர். கர்நாடகப் பதிவு வண்டிக்குத் தமிழ்நாட்டு வரி தனியாகக் கட்ட வேண்டும் என்பதை விற்றவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. வண்டி வாசலில் நின்று மரியாதை சம்பாதிக்க, சுடலைமுத்து பழைய டூவீலரில் வேலைக்குப் போய் அதற்குச் சம்பாதித்தார்.

இவ்வளவும் எதற்கு? ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்காக. போன வருஷம் மைத்துனன் புதுக் காரில் வந்து இறங்கியபோது தெருவே திரும்பிப் பார்த்தது. இவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், மூன்று பைகளோடு பஸ்ஸை விட்டு இறங்கியபோது எவனும் சீண்டவில்லை. அந்த ஒரு வயிற்றெரிச்சலுக்குப் பதினான்கு லட்சம். வருகிற வியாழக்கிழமை விடியற்காலையில் கிளம்புவதாக ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியாயிற்று.

ஓசூரிலிருந்து தெற்கே போகிறவர்களுக்குத் தொப்பூர் இறக்கத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலையைக் குடைந்த நீளமான சரிவு. பிரேக் பிடிக்காத லாரி முன்னால் போகிற நாலு வண்டியை அள்ளிக்கொண்டு போகிற இடம். சுடலைமுத்துவின் வண்டியில் எரிந்ததோ பிரேக் விளக்கு.

முதலில் மஞ்சளாக எரிந்தது. வீட்டுக்குத் தெரியாமல் சித்தரிடம் ஓடினார். பூஜை முடிந்ததும் விளக்கு அணைந்தது. சுடலைமுத்துவின் இருபது வருஷப் பகுத்தறிவும் அதோடு சேர்ந்து அணைந்தது. ஆறே நாளில் மறுபடியும் எரிந்தது, துணைக்குச் சிவப்பு விளக்கையும் கூட்டிக்கொண்டு.

மனைவி சரஸ்வதி விடவில்லை. அவள் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்ப்பவள். வண்டியைக் கிருஷ்ணகிரியில் விமல்ராஜ் என்ற மெக்கானிக்கிடம் கொண்டுபோக வைத்தாள். அவன் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த சாக்கெட்டில் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றைச் செருகி, செல்போனில் படித்துப் பார்த்தான்.

"பிரேக் பிரஷர் யூனிட் போகுதுக்கா. சில நேரம் வேலை செய்யும், சூடானா கைவிட்டுடும். இதோ பாருங்க, இந்த பட்டனை அமுக்கினா விளக்கு அணைஞ்சிரும். ஆனா கோளாறு அப்படியேதான் இருக்கும். ஓட ஓடத் திரும்ப எரியும். இதை வச்சுக்கிட்டு தொப்பூர் பக்கம் மட்டும் போயிராதீங்க."

"எவ்வளவு ஆகும்?"

"பாகம் வர மூணு வாரம். ஒண்ணே முக்கால் லட்சம் ஆகும்."

விளக்கு அணைந்ததைச் சரஸ்வதி பார்த்தாள். சுடலைமுத்து பார்க்கவில்லை. ஒண்ணே முக்கால் லட்சம் என்று காதில் விழுந்ததுமே அவர் வெளியே வந்து தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் திரும்பி வந்து வண்டியைக் கிளப்பியபோது விளக்கு பழையபடி எரிந்துகொண்டிருந்தது. வீடு திரும்பும்போது அவர் மனசு கணக்குப் போட்டது. மெக்கானிக் ஒண்ணே முக்கால் லட்சம், சித்தர் பதினோராயிரத்து ஒன்று. எது விஞ்ஞானம் என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. மூடநம்பிக்கை பயத்தில்தான் பிறக்கிறது என்பார்கள். நம்மைப் போன்ற படித்தவர்களுக்கு அது எஸ்டிமேட்டில் பிறக்கிறது.

"சனிக்கிழம சித்தர்ட்ட பெரிய பரிகாரம் செய்யப்போறேன்," என்றார்.

சண்டை வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை.

"அன்னைக்கு அவரு பூசை பண்ணையில சாவி யாருகிட்ட இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"தட்டுல வைக்கணும். அதான் முறை."

"சரி. நானும் வாரேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் பையனுடைய நோட்டில் ஒரு துண்டு காகிதம் கிழித்து, அதில் தன் கையெழுத்தைப் போட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த அந்தச் சாக்கெட்டின் மேல் கோந்து தடவி ஒட்டினாள். புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் சாமி குத்தம் என்பார். இரண்டு மாதத்துக்கு முன்னால் வரைக்கும் அந்த வார்த்தையைக் கேட்டால் சிரித்தவர் அவர்.

இப்போது வரிசையில் சுடலைமுத்துவின் முறை வந்தது. சித்தர் மான்தோலில் உட்கார்ந்திருந்தார், செல்போன் சார்ஜில் கிடந்தது.

"பன்னி, பன்னி," என்று கன்னடத்தில் வரவேற்றார். " ரெட் லைட்டா? ஆயித்தப்பா, முடிச்சிடலாம். பழைய ஓனர் பொண்டாட்டியை அழ வச்சவன். அந்தக் கண்ணீர் பிரேக்குல எறங்கிருக்குது."

"பிரேக் ஆயில்லயா சாமி?" என்று சரஸ்வதி கேட்டாள்.

"ஏட்டி, வாய மூடிட்டு இரி," என்று சுடலைமுத்து அதட்டினார்.

பணம் போயிற்று. சாவி தட்டுக்கு வந்தது. பக்தர் கிழக்கே பார்த்துக் கண்ணை மூட வேண்டும், மூடினார். சீடர் பூபதி சாவியை எடுத்துக்கொண்டு, தோளில் தொங்கிய காவிப் பையோடும் கையில் சாம்பிராணித் தூபத்தோடும் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். கண்ணாடியெல்லாம் மூடியிருந்தது. ஒரு நிமிஷத்தில் உள்ளே புகைதான் தெரிந்தது, மனிதர் தெரியவில்லை. வெளியே சித்தர் மூன்று மொழியில் முழங்கினார். ஐந்து நிமிஷம் கழித்து பூபதி கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினார். அந்த உத்தியோகத்தில் கஷ்டப்பட்டு உழைத்த ஒரே ஆள் அவர்தான். பூசணிக்காய் உடைந்தது. சுடலைமுத்து வண்டியைக் கிளப்பினார். மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சுடலைமுத்துவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வியாழக்கிழமை தொப்பூரில் இறங்கலாம், மைத்துனன் முகத்தைப் பார்க்கலாம். பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறோமே என்ற பயம் நெஞ்சை விட்டு இறங்கியதில் ஓவென்று அழலாம் போல இருந்தது.

"கொஞ்சம் எறங்குங்க," என்றாள் சரஸ்வதி.

டிரைவர் பக்கம் குனிந்து, கையை விட்டு எதையோ எடுத்தாள். காகிதம் நடுவில் கிழிந்து தொங்கியது, கையெழுத்து இரண்டு துண்டாக இருந்தது.

"நேத்து நான் ஒட்டுனது. மெக்கானிக் கருவியச் செருகுத ஓட்டை இதுதான். உள்ள சாம்பிராணி போடப் போனவருக்கு இங்க என்ன சோலி?"

சித்தர் அசரவில்லை. "அம்மா, தெய்வசக்தி எறங்குற சூடு. காகிதம் தாங்குமா?"

கூட்டம் அதற்கும் தலையாட்டியது. தலையாட்டத்தானே காலை ஆறு மணிக்கு வந்தார்கள்.

"சரி சாமி, சக்தி பெருசுன்னா கதவத் தொறக்காமலும் வேலை செய்யணும்லா?" சரஸ்வதி அடுத்த வண்டிக்காரரைப் பார்த்தாள். ஊத்தங்கரைப் பக்கத்து விவசாயி, சிவராஜ் என்று பெயர். மாந்தோப்பு ஒன்றை விற்று அந்த வண்டியை வாங்கியவர். "அண்ணே, உங்க வண்டிய ஓடவிட்டு, கதவப் பூட்டி, சாவிய நீங்களே வச்சுக்கோங்க. சாம்பிராணிய வெளிய போடட்டும். மந்திரம் கண்ணாடியில நுழையாமலா போயிரும்?"

சிவராஜுக்கு இது மூன்றாவது பரிகாரம். அவர் கொஞ்சம் யோசித்தார். "அதானே. செய்யுங்க சாமி. சாவி என் ஜோப்புலயே இருக்கட்டும்."

இத்தனை பேர் முன்னால் சித்தரால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. மந்திரம் சொன்னார். தூபம் வண்டியை மூன்று சுற்று சுற்றியது. பூசணிக்காய் ஒன்றுக்கு இரண்டாக உடைந்தது. எல்லோரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார்கள். விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

பூபதி மெல்லப் பின்வாங்கினார். சிவராஜ் அவர் காவிப் பையைப் பிடித்து இழுத்தார். உள்ளேயிருந்து விபூதிப் பொட்டலம், ஒரு பாக்கெட் வறுகடலை, அப்புறம் தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒரு டப்பா விழுந்தது. சரஸ்வதி அதை எடுத்துச் சிவராஜ் வண்டியில் செருகி, பூபதியின் செல்போனைக் கேட்டு வாங்கி, பட்டனை அமுக்கினாள். விளக்கு அணைந்தது.

"மந்திரம் இவ்வளவுதான். உடைச்ச பூசணிக்காய வீணாக்காதீங்க, கூட்டு வைக்கலாம்."

சித்தருக்கு மூன்று மொழியும் ஒரே நேரத்தில் மறந்துபோயின. நாலைந்து பேர் அவரைச் சுற்றி நின்று, அன்றைய காணிக்கையைச் சார்ஜில் கிடந்த அவருடைய செல்போனிலிருந்தே திருப்பி வாங்கினார்கள்.

நல்லபடியாகப் புத்தி வந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? மீதிக் கூட்டம் சரஸ்வதியைச் சுற்றி வளைத்தது.

"அக்கா, அந்த டப்பா என்ன விலை?"

"ஆன்லைன்ல கிடைக்குமா?"

"எல்லா வண்டிக்கும் சேருமா, இல்ல மாடல் பாத்து வாங்கணுமா?"

சரஸ்வதி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். இருபது வருஷத் தரக்கட்டுப்பாட்டு அனுபவம் உள்ள சுடலைமுத்து, செல்போனில் அந்த டப்பாவைத் தேடி, ஆயிரத்து முந்நூறு ரூபாய் என்று கண்டுபிடித்து, விலாசம்கூடப் போட்டு முடித்திருந்தார்.

"என்னங்க, தொப்பூர்ல பிரேக் புடிக்காதுன்னு அந்த வெளக்கு கத்துது," என்றாள். "அது வாயப் பொத்த வெல பாக்கியளா? பின்சீட்டுல உக்காரப் போறது யாருன்னு ஒரு நிமிசம் நெனச்சியளா?"

சுடலைமுத்துவின் கை நின்றுவிட்டது. நாற்பது ரூபாய்ப் பொருளில் பொய் சொல்ல விடாதவன், பெற்ற பிள்ளைகள் உயிரில் பொய் சொல்லிக்கொள்ளத் தயாராக நின்றேனே என்று தன்னையே காறித் துப்பலாம் போலிருந்தது. ஆர்டரை ரத்து செய்தார். விமல்ராஜுக்குப் போன் போட்டு, வண்டியைக் கட்டி இழுத்துப் போக ஆள் அனுப்பச் சொன்னார். வியாழக்கிழமைக்கு நாலு பஸ் டிக்கெட்டை அங்கேயே நின்று பதிவு செய்தார்.

சிவராஜ் பக்கத்தில் வந்தார். "அந்த ஆள் நம்மள எப்படி ஏமாத்தினான் பாத்தீங்களா சார்?"

"அவன் ஏமாத்துததுக்கு ஒரு டப்பா வேண்டியிருந்துச்சு அண்ணாச்சி," என்றார் சுடலைமுத்து. "நாம ஏமாறுததுக்கு அதுகூடத் தேவைப்படல."