பெரியப்பா உட்கார்ந்த இடம்

என்னைப் பெண் பார்க்க வந்த குடும்பத்தை நான் இருட்டில் நிற்க வைத்தேன். அதுவும் பட்டப்பகலில். (அம்மா இதை இன்றுவரை வெளியே சொன்னதில்லை. நான் சொல்லிவிட்டேன்.)

அப்போது தாம்பரத்தில் ஆராய்ச்சி மாணவி. தலைமுடியைவிடச் சற்றே தடித்த பிளாஸ்டிக் இழைகளை நெருக்கி ஒட்டி, கை நீளத்துக்குப் பட்டையாகச் செய்வது என் வேலை. வானத்திலிருந்து ஓயாமல் பொழிகிற, கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று குறுக்கே பாய்ந்தால், அது தொட்ட இழைகள் மினுங்கும். அந்த மினுங்கலைக் கோத்தால், துகள் போன வழி ஒரு கோடாகத் திரையில் வரும். மறுநாள் வேறொரு ஆய்வகத்தில் சோதனை. தேறினால் ஆராய்ச்சி தொடரும். தேறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வெயில் பட்டால் இழை கெடும் என்று படித்திருந்ததால், பட்டையைக் கறுப்புத் துணியில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் கைக்குழந்தைபோல் மடியில் கிடத்தி அஸ்தினாபுரம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். நான் புடவை கட்டப் போன நேரத்தில், சோபாவில் கிடந்த பொட்டலத்தை மாப்பிள்ளையின் அம்மா பிரித்துவிட்டார்.

"ஏதோ புடவைன்னு பார்த்தா, பிளாஸ்டிக்கா இருக்கே!"

பாதிக் கொசுவத்தோடு ஓடி வந்து அலறினேன். "ஜன்னலை மூடுங்க! லைட்டை அணைங்க!"

எல்லாரும் எழுந்தார்கள், மூடினார்கள், அணைத்தார்கள். (பாம்பு என்று நினைத்தார்களாம். பாம்புக்கு யாராவது லைட்டை அணைப்பார்களா?) கும்மிருட்டு.

"இப்ப நான் என்ன பண்ணணும்?" மாப்பிள்ளையின் குரல். முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

"கறுப்புத் துணி கீழ கிடக்கும், தேடுங்க சார்."

"கெடச்சிடுச்சு. ஒரு முனை என் கைல இருக்கு."

"விட்டுடாதீங்க."

அப்போதுதான் அந்தச் சத்தம். படக்.

"சோபா மேல இன்னாமோ பலக கீதும்மா," என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா. "உக்காந்துகினேன். பரவால்லியா?"

"நாளைக்குச் சோதனையில கோடு வராதே!" என்று நான் அழுத அழுகையில் கேசரி ஆறிப்போனது. அவர்கள் அதைத் தொடாமலே கிளம்பிப் போனார்கள்.

மறுநாள், விரிசல் விட்ட பட்டையைச் சோதனைக் கருவியில் பொருத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது திரையில் ஒரு கோடு. இன்னொன்று. பிறகு காற்றில் சாய்ந்த மழைபோல் கோடு கோடாக! ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வெறுமை.

"தேறிடுச்சும்மா," என்றார் என் பேராசிரியர். நடந்ததைச் சொன்னேன். "அந்தக் கொஞ்ச நேர வெளிச்சத்துல இழைக்கு ஒண்ணுமே ஆகியிருக்காதே! லைட்டை ஏன் அணைச்ச?"

(அதை நேற்றே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?)

சாயங்காலம் போன் வந்தது.

"நேத்து துணி பிடிச்சவன் பேசறேன்."

"சொல்லுங்க."

"கோடு வந்துச்சா?"

சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. சம்பளம் கேட்கவில்லை. கோடு வந்ததா என்று கேட்டார்.

"வந்துச்சு. உங்க பெரியப்பா உக்காந்த எடத்துல மட்டும் வரல."

அவர் சிரிப்பு அடங்க நேரமானது. "அடுத்த வாட்டி வரும்போது அவரை நிக்க வெச்சிடறோம்."

அடுத்த வாட்டி வந்தது நிச்சயதார்த்தத்துக்கு. இன்றும் எங்கள் பெருங்களத்தூர் வீட்டில் கரண்ட் போனால் யாரும் மெழுகுவர்த்தி தேடுவதில்லை. "யாரும் உக்காராதீங்க!" என்று குடும்பமே கத்துகிறது. முதல் குரல் பெரியப்பாவுடையது.