முப்பத்திரண்டு பக்கமும் ஒரு கிலோ கொண்டைக்கடலையும்

என் மனைவிக்குத் தெரியாமல் ஒரே ஒரு காரியமாவது செய்து முடிப்பது என்று 2003ஆம் வருஷம் ஈசா டவுனில் வைத்து ஒரு மகா தீர்மானம் எடுத்தேன். தீர்மானம் எடுத்த அன்றைக்கே பாதி அவளுக்குத் தெரிந்துவிட்டது. மீதிப் பாதி எனக்குத்தான் தெரியவில்லை.

நான் செல்வசிங். குளச்சல் பக்கம். பஹ்ரைனில் ஏ.சி. டெக்னீஷியன். ஊருக்கே குளுகுளுவென்று காற்று அனுப்புகிறவன், வீட்டுக்குள் நுழைந்தால் எனக்கு வியர்க்கும். காரணம் சுகிர்தராணி. ஸ்டாஃப் நர்ஸ். ஐ.சி.யூ.வில் எட்டு பேஷண்ட்டை ஒரே நேரத்தில் கண்காணிக்கிறவளுக்கு வீட்டில் நான் ஒரே ஒரு பேஷண்ட். தப்பிக்க வழியுண்டா, சொல்லுங்கள்!

பேஷண்ட் என்று சும்மா சொல்லவில்லை. மூன்று வருஷம் முன்பு சைட்டில் இரண்டாம் மாடி ஏணியிலிருந்து விழுந்து, ஒன்பது நாள் நினைவில்லாமல் அவள் வார்டிலேயே கிடந்தேன். எழுந்து நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் அவள் இன்னும் எனக்கு டிஸ்சார்ஜ் கொடுக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் எங்கள் சூப்பர்வைசர் பத்மநாபன், நாகர்கோவில்காரர், சுகிர்தராணியிடம் பிரஷர் பார்க்க வருகிறவர், ஒருநாள் டீ பிரேக்கில் என் காதில் ஓதினார்.

"ஓய் செல்வசிங்கு, லீவுக்கு இந்தத் தடவையும் நேரே திருவனந்தபுரமா?"

"ஆமா சார். ட்ரான்சிட்ல எவன் உக்காந்து கொட்டாவி விடுவான்?"

"கொழும்பு வழியா போம். ஒரு பகல், ஒரு ராத்திரி அங்க தங்கல். ஹோட்டல் ஃப்ரீ. சாயங்காலம் கேசினோவுக்கு ஒரு நடை போனீர்னா, க்ராப்ஸ்னு ஒரு ஆட்டம். ரெண்டே ரெண்டு பகடை. உம்மள மாதிரி டெக்னிக்கல் மூளைக்கு அது அல்வா!"

அதோடு, ஸ்டேப்ளர் அடித்த ஒரு பிரிண்ட்-அவுட் கட்டையும் கையில் திணித்தார். 'க்ராப்ஸ்: பந்தய வகைகள்.' முப்பத்திரண்டு பக்கம். பதினேழாம் பக்கம் மட்டும் இல்லை. ஒரு பக்கம்தானே, போகட்டும் என்று விட்டேன்.

'டெக்னிக்கல் மூளை' என்று என்னை இதுவரை யாரும் சொன்னதில்லை. அன்றே நூறு தினாரை ஒதுக்கி, ஹால் ஏ.சி.யின் ஃபில்டருக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். உலகத்தில் மனைவி கை வைக்காத இடம் அது ஒன்றுதான். அதைத் துடைப்பதும் என் வேலைதான் என்பது வேறு விஷயம்.

சாயங்காலம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"ராணி, இந்தத் தடவை கொழும்பு வழியா போவோமா?"

"ஐயோ, வேண்டாம். ஒரு நாள் வீணாப் போவும்."

"டிக்கெட் சீப்பு."

"சீப்புன்னா எனக்கு நம்பிக்கை இல்ல."

"ஹோட்டல் ஃப்ரீ!"

ஒரு பெருமூச்சு விட்டாள். "செரி. உங்க இஷ்டம்."

உங்க இஷ்டம்! கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அந்த இரண்டு வார்த்தையை நான் கேட்டதில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நானோ மாடிப்படியில் விசில் அடித்துக்கொண்டு இறங்கினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை. இங்கே ஞாயிறு ஆராதனையும் வெள்ளியன்றுதான். நான் சி.எஸ்.ஐ. சபைக் கமிட்டி மெம்பர் வேறு. கோட் போட்டுக் காணிக்கைத் தட்டு பிடித்துவிட்டு வந்து, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஏ.சி. அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, பின்பக்கம் மார்க்கரால் க்ராப்ஸ் மேசை வரைந்தேன். லூடோ பெட்டியிலிருந்து இரண்டு பகடை. பந்தயக் காசுக்குப் பதிலாக ஒரு கிலோ கொண்டைக்கடலை. தூங்கப் போன சுகிர்தராணி தண்ணீர் குடிக்க வந்துவிட்டாள்.

"என்ன செய்யுதிய?"

"கணக்கு. கம்பெனி ட்ரெய்னிங்."

"கம்பெனி கடலையும் தந்துச்சா?"

நான் அசடு வழிந்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் சொல்லித் தாருங்களேன்."

இங்கேதான் நான் கவிழ்ந்தேன். மனைவி கேட்டு நான் சொல்லிக்கொடுப்பதா! தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"பாரு. பகடை உருட்டுறவன் நான். முதல் உருட்டுல ஏழோ பதினொண்ணோ விழுந்தா, பாஸ் லைன்ல கட்டினவனுக்கு ஜெயம். ரெண்டு, மூணு, பன்னெண்டு விழுந்தா தோல்வி. வேற எண் விழுந்தா அதுக்குப் பேரு பாயிண்ட். அந்த எண் மறுபடி விழணும். அதுக்கு முன்னால ஏழு வந்துட்டா, போச்சு."

"அப்பம் முதல்ல ஏழு நல்லது, பொறவு ஏழு கெட்டதா?"

"ஆமா."

"மாமியா மாதிரி."

"எங்கம்மாவ இதுல இழுக்காத. அடுத்தது டோண்ட் பாஸ். பாஸ் லைனுக்கு நேர் எதிரு. உருட்டுறவன் தோத்தா இவனுக்கு ஜெயம்."

"அடுத்தவன் கெட்டுப்போவணும்னு கட்டுறதா? கொள்ளாம்! அதுக்கும் ஒரு கட்டமா?"

கம் பெட் சொன்னேன்: பாயிண்ட் விழுந்த பிறகு நடுவில் ஏறிக்கொள்கிற பாஸ் லைன். ஃபீல்டு சொன்னேன்: ஒரே உருட்டில் முடிவு. ஹார்டு வே சொன்னேன்: எட்டு என்றால் நாலும் நாலுமாகவே விழ வேண்டும், ஐந்தும் மூன்றும் செல்லாது. எனி செவன் சொன்னேன்: அடுத்த உருட்டில் ஏழு விழுந்தால் ஒன்றுக்கு நாலு. பாஸ் லைனுக்குப் பின்னால் வைக்கிற ஆட்ஸ் பந்தயத்தையும் சொன்னேன், அதில் மட்டும் மேசைக்காரனுக்கு ஒரு தம்பிடி லாபம் கிடையாது. ஒரு மணி நேரம் பொழிந்து தள்ளினேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இதுல கடலையை வாங்குறதும் குடுக்குறதும் யாரு?"

"மேசைக்காரன். பேங்க்."

"உருட்ட எனக்குக் கை வலிக்கும். நீங்க எல்லா வகையும் ஆடுங்க. நான் சும்மா பேங்க்கா இருக்கேன்."

எவ்வளவு அடக்கமான மனைவி என்று நெகிழ்ந்து போனேன், கேட்டீர்களா!

"சும்மா ஆடினா ரசம் இல்லியே," என்றாள். "ஒரு கடலைக்கு ஒரு பாத்திரம். தோத்தா நீங்க கழுவுங்க, ஜெயிச்சா நான்."

அன்றைக்கு நாற்பது கடலையோடு உட்கார்ந்தேன். எனி செவனில் பத்து. ஹார்டு எட்டில் பத்து. பன்னிரண்டில் ஐந்து, விழுந்தால் ஒன்றுக்கு முப்பது அல்லவா! பாஸ் லைன், ஆட்ஸ் எல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்கு. ஒரு மணி நேரத்தில் நாற்பதும் போயிற்று. வீட்டில் அழுக்குப் பாத்திரம் இருந்ததோ பதினொன்று. மீதிக்கு, அலமாரியில் பளபளவென்று இருந்த பாத்திரங்களையும் எடுத்துக் கொடுத்தாள். நேர்மையாகக் கழுவினேன்.

ராத்திரி சாப்பாட்டுக்கு, நான் தோற்ற கடலை முழுவதும் சுண்டலாக வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த வெள்ளி மீன் வெட்டினேன். அதற்கடுத்த வெள்ளி அவள் யூனிஃபார்ம் ஆறு செட் அயர்ன் செய்தேன். பாத்ரூமைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

"என்னதான் கோளாறு?" என்று ஒருநாள் புலம்பினேன். "எல்லா வகையும் மனப்பாடமா தெரியும்!"

"நேத்து டியூட்டில சும்மா யோசிச்சேன்," என்றாள், சட்டைக் காலரில் நான் விட்டிருந்த சுருக்கத்தைக் காட்டியபடி. "ரெண்டு பகடை முப்பத்தாறு விதமா விழும். அதுல ஏழு ஆறு விதம். அப்பம் நியாயமா ஒண்ணுக்கு அஞ்சு குடுக்கணும். பேங்க் குடுக்குறது நாலு. மிச்சம் ஒண்ணு?"

"மேசைக்கு."

"இந்த மேசை யாரு சம்பளத்துல வாங்கினது?"

நான் அயர்ன் பாக்ஸை எடுத்துக்கொண்டேன்.

ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தைய வெள்ளி வந்தது. பதுங்கிப் பதுங்கி எனக்கே அலுத்துவிட்டது. உண்மையைச் சொன்னேன். கொழும்பு, கேசினோ, ஒரு சாயங்காலம். ஃபில்டரை மட்டும் சொல்லவில்லை. திட்டித் தீர்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பகடையை என் பக்கம் தள்ளினாள்.

"கடைசியா ஒரு பந்தயம். நீங்க ஜெயிச்சா கேசினோவுக்குப் போங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்க தோத்தா, கொழும்புல இறங்கினதுல இருந்து ஏறுறது வரைக்கும் நான் கூப்பிடுற இடத்துக்கு வரணும். எங்க, எதுக்குன்னு கேக்கப்பிடாது."

"உள்ளதா?"

"உள்ளது. எந்தக் கட்டம்?"

என் டெக்னிக்கல் மூளை வேலை செய்தது. ஒரு மாதமாக நான் உருட்டி உருப்பட்டதே இல்லை. உருட்டுகிற செல்வசிங் எப்படியும் தோற்பான். அப்படியானால் அவனுக்கு எதிராகக் கட்டுவதுதானே புத்திசாலித்தனம்? ஒரே கடலை. டோண்ட் பாஸில் வைத்தேன்.

"உங்களுக்கு எதிரா நீங்களேவா?"

"அதான் டெக்னிக்."

"செரி. உருட்டுங்க."

உருட்டினேன். ஒன்று நாலில் நின்றது. இன்னொன்று சுவரில் முட்டித் திரும்பி, மூன்றில் நின்றது.

ஏழு!

ஒரு மாதம் தவம் கிடந்தும் விழாத முதல் உருட்டு ஏழு! ஆனந்தத்தில் துள்ளிக் குதித்து, "பாத்தியா!" என்று கத்தி, அவளைக் கட்டிப்பிடித்த பிறகுதான் கடலை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். டோண்ட் பாஸில்.

"நான் பேங்க்," என்றாள், கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு. "நீங்க உங்களுக்கு எதிரா கட்டினா, நான் உங்க மேல கட்டினதா அர்த்தம்."

கொழும்பில் இறங்கி, ஹோட்டலில் குளித்துவிட்டு, ஆட்டோவில் ஏறினோம். எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்கவில்லை. ஆட்டோ கொச்சிக்கடை அந்தோணியார் கோவில் வாசலில் நின்றது.

அன்று செவ்வாய், அந்தோணியாருக்குரிய நாள். அப்பாடா, என்ன கூட்டம்! சேலை கட்டினவர்கள், நெற்றியில் விபூதி பூசினவர்கள், முக்காடு போட்டவர்கள், சிங்களம், தமிழ், எல்லோரும் ஒரே வரிசை. நான் பேந்தப் பேந்த விழித்தேன்.

"ராணி, நாம சி.எஸ்.ஐ. இது கத்தோலிக்கக் கோவில். நமக்கு எதுக்கு அந்தோணியார்? சபையில தெரிஞ்சா..."

"கேசினோவுக்குப் போனா சபையில மாலை போடுவாவளா?"

அவள் செருப்பைக் கழற்றினாள். என்னையும் கழற்றச் சொன்னாள்.

"நீங்க நினைவு இல்லாம கெடந்தப்போ," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல், "டாக்டர் பாதிக்குப் பாதின்னுதான் சொன்னாரு. கூட டியூட்டி பாத்த பெர்சி இந்த ஊருக்காரி. அவதான் இந்தக் கோவிலைப் பத்திச் சொன்னா. வாசல்ல இருந்து பீடம் வரைக்கும் அவரை அவர் கால்லயே நடத்திக் கூட்டிட்டு வாரேன்னு நேந்துக்கிட்டேன். டாக்டர் பாதிதான் வச்சாரு. நான் முழுசையும் உங்க மேல வச்சேன்."

ஒன்பது நாள் எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஒன்பது நாளும் அவளுக்கு எப்படிப் போயிருக்கும் என்று மூன்று வருஷமாக நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வாசலிலிருந்து பீடம் வரைக்கும் செருப்பில்லாமல் நடந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கடவுளே, நன்றி என்றேன். அந்தோணியாருக்கும் நன்றி சொன்னேன். அவளுக்குச் சொல்ல வாய் எடுத்தேன், அழுகைதான் வந்தது. சபைக் கமிட்டி மெம்பர், அத்தனை பேர் நடுவில், குழந்தை மாதிரி அழுதேன்.

காணிக்கைப் பெட்டி பக்கத்தில் வந்ததும் அவள் மெதுவாகச் சொன்னாள். "இடது சாக்ஸுக்குள்ள உள்ளதை எடுத்துப் போடுங்க."

"எது?"

"ஏ.சி. ஃபில்டருக்குப் பின்னால இருந்ததை."

செருப்புக்கு சாக்ஸ் போட்டு வந்தவன் அந்தக் கோவிலில் நான் ஒருத்தன்தான். எடுத்துப் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், நூறு தினாரை அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எங்கும் விட்டதில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே ராணி," என்றேன், கண்ணைத் துடைத்தபடி.

"மூணு வருஷமா சொன்னேன். ட்ரான்சிட்ல எவன் உக்காந்து கொட்டாவி விடுவான்னு கேட்டிய."

அதே வாக்கியத்தை டீ பிரேக்கில் பத்மநாபனிடமும் சொன்னது ஞாபகம் வந்தது. யோசித்துக்கொண்டிருக்கும்போதே, ஹேண்ட்பேக்கிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க, மெழுகுவத்தி. கொளுத்துங்க."

பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே இரண்டு மெழுகுவத்தி. சுற்றியிருந்த காகிதத்தின் மேல் ஓரத்தில், ஸ்டேப்ளர் பின் கழற்றின துளைக்குப் பக்கத்தில், 17 என்று போட்டிருந்தது. கீழே ஒரே ஒரு வரிக்கு மட்டும் வார்டில் அவள் எழுதுகிற சிவப்பு மையால் அடிக்கோடு:

'பந்தயத்தில் எத்தனை வகை இருந்தாலும், கடைசியில் ஜெயிப்பது பேங்க்தான்.'