அரை அங்குலம் தேய்த்த அளவுக்குச்சி

உலகத்தைத் திருத்தும் ஆசையுள்ளவன் கையில் அரம் கொடுக்கக் கூடாது. எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அருகே பொம்மை ஏர் கன் செய்யும் பட்டறையில் சோதனைப் பிரிவில் சேர்ந்தேன். (பிரிவு என்பது நானும் ஒரு மேசையும்.) தாம்பரத்தில் ரயில் ஏறும்போதெல்லாம் மனசாட்சியும் டிக்கெட் எடுக்காமல் கூடவே ஏறிவிடும். குழந்தையின் கையில் துப்பாக்கி கொடுக்கும் சமூகம் எங்கே போய் முடியும்?

பாகங்களைப் பொருத்தும் அசெம்பிளியில் ஆறு பெண்கள் ஒரு மரக்குச்சியை அளவாக வைத்து ஸ்பிரிங் வெட்டுவார்கள். அந்தக் குச்சி என் பொறுப்பில் இருந்தது. ஒரு மதிய உணவு இடைவேளையில் அதை அரை அங்குலம் தேய்த்தேன். ஸ்பிரிங் குட்டையானால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் வன்முறை குறையும். அன்று என்னை நானே மிகவும் மதித்தேன்.

அடுத்த வாரம் தனம் அக்கா வந்தார். கோவளம் மீனவர் குடும்பத்தவர். கடற்கரையில் பலூன் சுடும் கடைகளுக்குத் துப்பாக்கி வாங்கித் தருபவர். நாற்பது துப்பாக்கிகள் தயாராக இருந்தன. முதலாளி பெருமையோடு பலூனைக் கட்டிச் சுட்டார். குண்டு பலூனைத் தொட்டுவிட்டுக் கீழே விழுந்தது.

"இன்னா சார், தடவிக் குடுத்துட்டு வருது? பலூன் வெடிக்கலன்னா எவன் நின்னு பாப்பான்?" என்றார் தனம் அக்கா.

முதலாளி துப்பாக்கியைப் பிரித்தார்; ஸ்பிரிங் குட்டையாக இருக்கவே அளவுக்குச்சியை எடுத்துப் பார்த்தார். நான் ஒப்புக்கொண்டேன், பிள்ளைகளின் நலனை உத்தேசித்து என்று.

அசெம்பிளியிலிருந்த மலர் நிமிராமல் சொன்னாள்: "இந்த ஆர்டர் போச்சுன்னா அடுத்த மாசம் எங்க ஆறு பேருக்கும் வேலை இல்ல. அந்த நலனையும் யோசிச்சீங்களா சார்?"

எல்லா விளைவுகளையும் சீர்தூக்கிப் பார்த்தவன், பத்தடி தள்ளியிருந்த ஆறு பேரைப் பார்க்கவில்லை.

என் முகம் போன போக்கைப் பார்த்துத் தனம் அக்காவுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். சாயங்காலம் வரை காத்திருக்கச் சம்மதித்தார். ஒரே நிபந்தனை: ஒவ்வொரு துப்பாக்கியும் அவர் கண்ணெதிரே ஒரு பலூனை வெடிக்கவைக்க வேண்டும். "நீயே ஊதுப்பா, நல்லவரே."

பெண்கள் ஸ்பிரிங் மாற்றினார்கள், நான் ஊதினேன். முப்பதாவது பலூனில் கண் இருட்டியது. மலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் கொடுத்தாள். நாற்பதும் வெடித்த பிறகு, தன் பையிலிருந்து பலூன் பம்ப்பை எடுத்து மேசைமேல் வைத்தார் தனம் அக்கா.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

இப்போதெல்லாம் முடிச்சூரில் எங்கள் வீட்டில் மகளுக்குப் பிறந்தநாள் வந்தால், யாராவது பம்ப்போடு உதவிக்கு வருவார்கள். என் மனைவி மலர் அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவாள்.

"அதெல்லாம் வேணாம். இவரு நாப்பது வரைக்கும் தாங்குவாரு."