இல்லாத பிரேக்

"இதப் படிச்சீங்களா மாஸ்டர்? சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறே புண்ணாயிடுச்சு."

வண்டி ஓட்டப் பழக வந்த தையல்கார அம்மா வாரப் பத்திரிகையை நீட்டியபோது மாஸ்டர் சாலைக் குறியீடுகளின் படத்தைச் சுவரில் நேராக மாட்டிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பதினெட்டு வருடமாக அவர் மாஸ்டர். அந்த ஊரில் ஒழுங்காக வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் தன் மாணவர்கள் என்றும், ஒழுங்கில்லாமல் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் வேறு பள்ளியில் படித்தவர்கள் என்றும் அவர் உறுதியாக நம்பினார்.

'மூட்டைமுடிச்சு' என்ற புனைபெயரில் யாரோ எழுதிய பயணக் கட்டுரை அது. மாஸ்டர் நின்றபடியே படிக்க ஆரம்பித்தார். இரண்டாவது பத்தியில் உட்கார்ந்துவிட்டார்.

"வேனின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த என் நண்பரின் காலடியில் பிரேக் கிடையாது. நண்பரின் கால் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தார். மூன்றாம் நாள் டிரைவர், 'சார், பிரேக்கை நீங்களே பார்த்துக்கோங்க, நான் ஸ்டியரிங்கை மட்டும் பிடிச்சுக்கிறேன்' என்று சொல்லிவிட்டார்."

அடுத்த பத்தியில் தலையணை வந்தது. நண்பர் எங்கே போனாலும் சொந்தத் தலையணையைத் தனிப் பையில் கொண்டுபோவாராம். அதற்கடுத்து தொங்குபாலம். நண்பர் அதை உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து கடந்தாராம். பின்னால் வந்த பள்ளிக்கூடச் சிறுமி ஒருத்தி, "கொஞ்சம் வழி விடுங்க அங்கிள்" என்று தாண்டிப் போனாளாம். "இத்தனைக்குப் பிறகும் அடுத்த பயணத்துக்கும் இவரோடுதான் போவேன். வேறு யாரோடு போக?" என்று கட்டுரை முடிந்திருந்தது. செய்வதையெல்லாம் செய்துவிட்டுக் கடைசியில் தட்டிக்கொடுக்கிற அந்த வரிதான் மாஸ்டரின் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது.

"யாரோ பாவம், இந்த நண்பர்" என்றார் தையல்கார அம்மா.

"இதுல பாவம் என்ன இருக்கு? வளைவுல கால ஊனி உட்கார்ந்தா அதுக்குப் பேரு மிதிக்கிறதா? அடுத்தவன் தலையணையில எவன் எண்ணெய் தலையை வச்சானோ யாருக்குத் தெரியும்? அந்தப் பாலம் எப்படி ஆடிச்சுன்னு எழுதியிருக்கானா பாருங்க!"

தையல்கார அம்மா பத்திரிகையைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். பிறகு அவர் கால்களைப் பார்த்தார்.

"ஐயோ மாஸ்டர், இது நீங்களா?" என்றார்.

அன்று மாலைக்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிட்டது.

எழுதியது யார் என்பதில் மாஸ்டருக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. போன மாதம் அந்த மலைக்கு இரண்டு குடும்பமாகப் போனார்கள். முன்சீட்டில் டிரைவரும் மாஸ்டரும் கண்ணாடிக்காரரும். டிரைவருக்கு எழுதுகிற வேலை கிடையாது. பெண்கள் இருவரும் பின்னால் தூங்கிக்கொண்டு வந்தார்கள். கண்ணாடிக்காரர் மட்டும் மடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஏதோ கிறுக்கியபடி வந்தார். போதாக்குறைக்கு, "இதையெல்லாம் எழுதினா நல்லா இருக்கும்டா" என்று வேறு சொன்னார்.

கண்ணாடிக்காரர் மாஸ்டரின் வீட்டுக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கடைக்கு மேலேயே வீடு. இருபத்திரண்டு வருட நட்பு. மாஸ்டரின் மூக்கில் இருக்கும் கண்ணாடிகூட அவர் கையால் செய்ததுதான். அப்படிப்பட்டவன் முதுகில் குத்திவிட்டானே என்று மாஸ்டருக்கு ஆறவே இல்லை.

கடைக்குள் நுழைந்தபோது கண்ணாடிக்காரர் ஒரு பெரியவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

"நீதானேடா இது?" மாஸ்டர் பத்திரிகையை மேசையில் அறைந்தார்.

"எது?" கண்ணாடிக்காரர் எடுத்துப் படித்தார். முதலில் உதடு துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. தொங்குபாலம் வந்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டார். "டேய்... சத்தியமா நான் எழுதலடா. ஆனா எழுதினவன் கையில முத்தம் கொடுக்கணும்."

"சிரிக்கிறியா? அந்த நோட்டுல என்ன எழுதின?"

"எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை வண்டி நிக்குதுன்னு எழுதினேன். இந்தா பாரு நோட்ட."

"எழுதறவன் ரெண்டு நோட்டு வச்சிருப்பான். எனக்குத் தெரியாதா?"

நடுவில் மாட்டிக்கொண்ட பெரியவர், "தம்பி, கிட்டப் பார்வைக்குப் படிக்க ஏதாவது குடுக்கறேன்னீங்களே" என்று நினைவூட்டினார். கண்ணாடிக்காரர் யோசிக்காமல் கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டார். பெரியவர் உரத்த குரலில், தலையணையிலிருந்து பாலம் வரை ஒரு எழுத்து விடாமல் படித்தார். கடையில் காத்திருந்த நாலு பேரும் கேட்டார்கள். "கண்ணாடி ரொம்பச் சரியா இருக்கு தம்பி. எல்லாம் தெளிவாத் தெரியுது" என்று சொல்லிவிட்டு அவர் மாஸ்டரைத்தான் பார்த்தார்.

இனி இந்தக் கட்டுரை வேறு யார் கண்ணிலும் படக்கூடாது என்று முடிவுசெய்து, தெருமுனைக் கடையில் தொங்கிய பிரதிகளையெல்லாம் மாஸ்டர் வாங்கினார். மறுநாள் பார்த்தால் அதே கடையில் மூன்று மடங்கு பிரதிகள் வரிசையாகத் தொங்கின. "இந்த வாரம் நல்லா ஓடுது மாஸ்டர். நீங்ககூட மொத்தமா வாங்கினீங்களே, அதான் கூடுதலா வரவழைச்சேன்" என்றார் கடைக்காரர்.

அன்று மாலை மாஸ்டர் பத்திரிகை ஆசிரியருக்கு மறுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தார். அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். சாப்பாட்டு மேசையின் மறுபக்கம் வழக்கம்போல ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர், கணவர் நாலு தாளைக் கிழித்துப் போட்டதும் தன் காகிதங்களை மூடி வைத்தார்.

"ஏங்க, இத இப்படியே விட்டுடலாமே. நல்லா இருக்குன்னுதானே எல்லாரும் சொல்றாங்க?"

"உனக்கு மான ரோஷமே கிடையாதா? உன் புருஷன ஊரே சிரிக்குது!"

"சரி, படிங்க பார்ப்போம்."

"'பாலத்தை நான் உட்கார்ந்து கடந்தது உண்மைதான். ஆனால்...'"

"அப்படி ஒத்துக்காதீங்க. 'பலகைகளின் உறுதியைக் கையால் தொட்டுச் சோதித்தபடி கடந்தேன்'னு எழுதுங்க."

மாஸ்டருக்கு நெகிழ்ந்துவிட்டது. ஊரே எதிராக நின்றாலும் வீட்டுக்குள் ஒருத்தி தன் பக்கம் இருக்கிறாள். தலையணைக்கு 'கழுத்து எலும்பின் நலன்' என்றும், பிரேக்குக்கு 'தொழில் பக்தி' என்றும் மனைவிதான் எடுத்துக்கொடுத்தார். சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் ஏனோ அடிக்கடி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

கடிதம் அடுத்த வாரமே, 'அந்த நண்பர் நான்தான்!' என்ற கொட்டை எழுத்துத் தலைப்போடு வந்தது. அதுவும் நகைச்சுவைப் பக்கத்தில். கீழே முழுப் பெயர், வேலை பார்க்கும் பள்ளியின் முகவரி எல்லாம் இருந்தன. மாஸ்டரேதான் அதையெல்லாம் எழுதி அனுப்பியிருந்தார்.

பள்ளி முதலாளி அதை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். "விளம்பரம் மாஸ்டர், விளம்பரம்! ஒண்ணு மட்டும், மேம்பாலத்துல ஏத்துற பாடத்த இனிமே சின்ன மாஸ்டர் எடுக்கட்டும். மாணவர்கள் கேக்கறாங்க."

பதினெட்டு வருடமாக மேம்பாலத்தில் எல்லோரையும் ஏற்றி இறக்கியவர் மாஸ்டர்தான்.

அதற்கடுத்த வாரம் மூட்டைமுடிச்சு மறுபடியும் எழுதியது. "நண்பர் கோபமாக இருக்கிறார். கோபம் வந்தால் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்குமாக நடப்பார். டீயை ஆறவிட்டுவிட்டு டீயைத் திட்டுவார். யாரிடமாவது சண்டை போடப் போகுமுன் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்ப்பார்."

மாஸ்டர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். தையல் வெளியே தெரிந்தது.

வீட்டுக்குள் நடப்பது எதிர்வீட்டுக்காரனுக்கு எப்படித் தெரிந்தது? ஜன்னல் வழியாக எதிர்ப்பக்கம் பார்த்தார். கடையின் கண்ணாடி அலமாரியில், மூக்குக்கண்ணாடிகளுக்கு நடுவே, கறுப்பாக ஒரு தொலைநோக்கி விற்பனைக்கு இருந்தது.

"பார்த்தியா! பார்த்தியா! தொலைநோக்கி வச்சுப் பாக்கறான்!"

"ஐயோ, அவர் அப்படிப்பட்டவர் இல்லைங்க. நான் சொல்றதக் கொஞ்சம்..."

"நீ வெகுளி. உனக்கு உலகம் தெரியாது. போர்வையெல்லாம் எடு!"

எல்லா ஜன்னல்களுக்கும் போர்வை தொங்கியது. பட்டப்பகலில் வீடு இருட்டாகி, மாஸ்டர் மேசைக்காலில் இடித்துக் கட்டைவிரலைப் பெயர்த்துக்கொண்டார். அந்த வலியோடுதான் தெருவைத் தாண்டிப் போனார்.

"என் வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கற அளவுக்கு இறங்கிட்டியா?"

இந்த முறை கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. "டேய், என்ன பேசறன்னு தெரிஞ்சு பேசு. எங்க அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ பதினோரு நாள் என்கூட உட்கார்ந்திருந்தவன் நீ. உன்ன நான் ஏன்டா அவமானப்படுத்தப் போறேன்?"

"நடிக்காத. உன் சம்பந்தப்பட்டது எதுவும் எனக்கு வேண்டாம்." மாஸ்டர் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இந்தா, உன் கண்ணாடி!"

"கண்ணாடிய வச்சிட்டுப் போனா ரோட்ட எப்படிடா தாண்டுவ?"

"மானத்தோட தாண்டுவேன்!"

வாசலில் நின்ற தபால் பெட்டியிடம் "கொஞ்சம் தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் தெருவில் இறங்கினார். எதிரே வந்தது லாரியா, வீடா என்று தெரியவில்லை. அப்போது ஒரு கை அவர் முழங்கையைப் பிடித்தது. கண்ணாடிக்காரர் அவரை எதிர்ப்பக்கம் கொண்டுவந்து விட்டார். வந்து சேர்ந்த பிறகுதான் மாஸ்டர் அந்தக் கையை உதறினார். இவ்வளவு நல்ல கையை வைத்துக்கொண்டு இப்படி எழுதுகிறானே என்று அழுகை வந்தது.

மறுநாள் பயிற்சி வண்டியில் தையல்கார அம்மா, "மாஸ்டர், எதிர்ல ஏதோ இருக்கு" என்றார். "ஒண்ணும் இல்ல, தைரியமாப் போங்க" என்றார் மாஸ்டர். பள்ளியின் பெயர்ப்பலகை வண்டி மேலேயே சாய்ந்தது. அவர் மிதித்ததென்னவோ மாஸ்டர் பக்கம் நிஜமாகவே இருக்கிற பிரேக்கைத்தான். கொஞ்சம் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான்.

முதலாளி ஒரு வாரம் ஓய்வெடுக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. போர்வை போட்ட அறையில் மாஸ்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடி இல்லாமல் எழுத முடியாது. ஆகவே மனைவியிடம் பேனாவைக் கொடுத்தார்.

"எழுது. 'இருபத்திரண்டு வருஷ நட்பு இன்றோடு முடிந்தது.'"

மனைவி பேனாவை எடுக்கவில்லை. "ஏங்க, வேண்டாங்க. பாவம் அவரு. நேத்து சாயங்காலம் உங்க கண்ணாடியக் கொண்டுவந்து என்கிட்ட குடுத்துட்டு, உள்ளகூட வராம போயிட்டாரு. கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு."

"அந்தக் கண்ணாடி எனக்கு வேண்டாம். ராத்திரியெல்லாம் முழிச்சு எழுதினா சிவக்காதா?"

"நான் ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது."

"எதுவா இருந்தாலும் அப்புறம் சொல்லு. முதல்ல எழுது. 'இனி நீ யாரோ, நான் யாரோ.' எழுதினியா? 'உன்னைப் போல ஒருவனை வீட்டுக்குள் விட்டது என் தவறு.' நல்லா அழுத்தி எழுது."

மனைவியின் பேனா மெல்ல நகர்ந்தது. ஏதோ சொட்டுச் சொட்டாகக் காகிதத்தில் விழுந்தது. மாஸ்டருக்கு அது தெரியவில்லை. அவருக்கு எதுவுமே தெரியவில்லை.

"'என்னைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருவன் என்று உன்னை நம்பினேன்...'" என்று அவர் குரல் கம்மியபோது அழைப்பு மணி அடித்தது.

"நீ எழுது. நான் பாக்கறேன்." சுவரைத் தடவித் தடவிப் போய் மாஸ்டர் கதவைத் திறந்தார். வாசலில் மங்கலாக ஒரு பெண் உருவம். கையில் தலைக்கவசம், தோளில் பை.

"பத்திரிகை ஆபீஸ்லேர்ந்து வர்றேன் சார்" என்றாள் அவள் மூச்சு வாங்க. "இந்த வாரப் பக்கம் இன்னும் வந்து சேரல. மூட்டைமுடிச்சு மேடம் எழுதி முடிச்சிட்டாங்களா?"