பிரெஞ்சு தெரிந்த சவுரிராயன்

“அக்கா, கீழே எழுத்தே வரலை” என்றார் ஆபரேட்டர் பச்சைமுத்து, புரொஜக்டர் அறையின் சின்ன ஜன்னல் வழியாக.

கிருஷ்ணவேணி காலியான டாக்கீஸின் நடுவில் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பனிமூட்டம். அதற்குள்ளிருந்து ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடற்கரைக்கு வந்தாள். வேர்க்கடலை வாசம் வீசும் மல்லாட்டை மண்டிக்குப் பக்கத்துக் கொட்டகை அது; இன்னும் கொஞ்சம் போனால் அந்தப் பனி திண்டிவனத்துப் பெஞ்சுகளின்மேலும் இறங்கிவிடும்போல இருந்தது.

“அக்கா!”

“எந்த எழுத்து?”

“இங்கிலீஷ் எழுத்துக்கா. பேசறது புரியறதுக்குப் போடுவாங்களே. வெறும் பிரெஞ்சுதான் ஓடிக்கினு இருக்குது.”

பனி கலைந்தது.

கிருஷ்ணவேணி மின்வாரிய அலுவலகத்தில் கிளார்க். ஒருமுறை மெட்ராஸில் இப்படி ஒரு வெளிநாட்டுப் படம் பார்த்துவிட்டு, எந்த பஸ்ஸில் ஏறினோம் என்று தெரியாமல் ஊர் வந்து சேர்ந்தவள். அன்றிலிருந்து திண்டிவனத்தில் ஒரு திரைப்பட விழா நடத்த வேண்டும் என்று பைத்தியமாய் அலைந்தாள். மண்டிக்கும் டாக்கீஸுக்கும் முதலாளியான பெரியதம்பி கடைசியில் மனமிரங்கி மூன்று மாட்னி கொடுத்தார்.

“மொத நாளே ஜனங்க நாற்காலியை ஒடைச்சா மறுநாள் கிடையாதும்மா. நான் பாட்டுக்குச் சண்டைப் படம் போட்டுடுவேன்” என்று சொல்லியும் வைத்தார்.

இன்றுதான் அந்த முதல் நாள். விழுப்புரம் கல்லூரிப் பையன்கள் இரண்டு பஸ் நிறைய வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

“பொம்மையார்பாளையத்துல ஒரு சொல்தா இருக்காராம். பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கறவரு. பேரு சவுரிராயன். நான் பார்த்ததில்ல, கேள்விதான். மைக்கைக் குடுத்தா தமிழ்ல சொல்லிடுவாரு” என்றார் பச்சைமுத்து.

பெரியதம்பியின் காரை வாங்கிக்கொண்டு பறந்தாள் கிருஷ்ணவேணி.

சவுரிராயன் வீட்டு வாசலில் தனியாக உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்க எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவர் அவள் கையிலிருந்த விழா நோட்டீஸை வாங்கி, அதில் இருந்த சைக்கிள் பெண்ணின் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய், மெடல்கள் குத்திய நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

“போலாம்.”

காரில் அவள் கேட்டாள்: “பிரான்சுல ரொம்ப வருஷம் இருந்தீங்களா ஐயா?”

“அலை இன்னிக்கி சாதுவா இருக்குது” என்றார் அவர்.

அனுபவப்பட்டவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று கிருஷ்ணவேணிக்கு மெய்சிலிர்த்தது.

கொட்டகை நிரம்பி வழிந்தது. விளக்கணைந்ததும் மைக்கை அவர் கையில் கொடுத்துத் திரையைக் காட்டினாள். அவர் தொண்டையைச் செருமினார்.

“இந்தப் பொம்பளை பேரு மதலேன். காத்து அடிச்சா கதவைத் தொறந்து பார்க்கிறா. புருஷன் வந்துட்டான்னு நெனச்சிக்கினு.”

பீடி வலித்துக்கொண்டிருந்தவர்கள் அதை அணைத்தார்கள். ஆனால் படத்தின் சத்தம் அவர் குரலை விழுங்கியது. உரக்கச் சொல்லும்படி கிருஷ்ணவேணி சைகை காட்டினாள். அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மேலே ஓடிச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள்.

அது வேறு வினையாயிற்று. சத்தம் குறைந்ததும், திரையில் மதலேன் ஒரே ஒரு வார்த்தை சொல்வதும், சவுரிராயன் அதற்கு ஒரு பாட்டம் கதை சொல்வதும் எல்லோருக்கும் தெரிந்துபோனது.

“பெரியவரே, அந்தம்மா ஒரு வார்த்தைதானே சொல்லிச்சு!” என்றான் ஒரு விழுப்புரம் பையன்.

சிரிப்பு வெடித்தது. சவுரிராயன் அசையவே இல்லை. கிருஷ்ணவேணி மறுபடி மேலே ஓடினாள்.

“சத்தத்தை ஏத்து!”

ஏற்றினார். “பெரியவர் பேசறது கேக்கல!” என்று கீழே விசில் பறந்தது.

“எறக்கு!”

“ஏத்தறதா எறக்கறதா, ஒண்ணு சொல்லுக்கா. பேஜாராப் போச்சு!” என்ற பச்சைமுத்து, அந்த அவசரத்தில் ஒரு ரீலை மாற்றி மாட்டிவிட்டார்.

போன ரீலில்தான் சவுரிராயன் அந்தப் புருஷனைப் புயலில் மூழ்கடித்து, பெண்கள் பகுதியை விசும்ப வைத்திருந்தார். இப்போது அதே புருஷன் சாவகாசமாகக் கதவைத் திறந்துகொண்டு வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

“யோவ், செத்தவன் சோறு துன்றான்யா!”

நாற்காலிகள் தடதடத்தன. ஒருவன் தன் நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிவிட்டான். “ஏம்மா கிருஷ்ணவேணி, நாற்காலி!” என்று பின்னாலிருந்து பெரியதம்பி அலறினார்.

கிருஷ்ணவேணி குனிந்து ஓடி, சவுரிராயன் பக்கத்தில் மண்டியிட்டாள்.

“ஐயா, ரீல் மாறிப்போச்சு! எதனா சொல்லி சமாளிங்க!”

அவர் திரும்பவில்லை. திரையில் சாப்பிடுகிறவனைப் பார்த்து அவர் கண்கள் கலங்கியிருந்தன. மைக்கில் மெதுவாகச் சொன்னார்:

“வந்துட்டா மாதிரி இருக்குது, இல்ல? அப்படித்தான் இருக்கும். கண்ணு அசந்த நேரம் பார்த்து வருவாங்க. எதிர்ல உட்கார்ந்து சாப்புடுவாங்க. முழிச்சுப் பார்த்தா தட்டுதான் இருக்கும். ஆளு இருக்க மாட்டாங்க.”

நாற்காலியைத் தூக்கியவன் மெல்ல அதைக் கீழே வைத்து, அதிலேயே உட்கார்ந்தான். அதன்பிறகு எந்த ரீல் எப்படி வந்தாலும் யாரும் கேட்கவில்லை. செத்தவன் வந்தான், போனான், கல்யாணம் செய்துகொண்டான், சின்னப் பையனானான். கடல் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. கிருஷ்ணவேணிக்குத் தன் கால் தரையில் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

விளக்கு போட்டும் ஒருவரும் எழவில்லை. பிறகு விழுப்புரம் பையன்கள் சவுரிராயனைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். பெரியதம்பி துண்டால் மூக்கைச் சிந்தினார்.

“மீதி ரெண்டு நாளும் உனக்குத்தாம்மா. ஆனா அவரு வந்தாத்தான்!”

“நாளைக்கு வங்காளப் படம்ங்க. மறுநாள் ருஷ்யப் படம்” என்றாள் கிருஷ்ணவேணி தயங்கி.

“தெரியுமான்னு கேட்டுப் பாரேன்.”

அப்போது பாண்டிச்சேரி பஸ்ஸிலிருந்து இறங்கி, மீன் கூடையை இடுக்கிக்கொண்டு ஓர் அம்மாள் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தாள். சவுரிராயனின் மனைவி சவுரியம்மாள்.

“மீன் வித்துட்டு வந்து பார்த்தா ஊட்ல ஆளைக் காணோம். யாரோ திண்டிவனம் டாக்கீஸ் காருல இட்டுக்கினு போயிட்டாங்கன்னு சொன்னாங்க. எனக்கு உசுரே இல்ல!”

கிருஷ்ணவேணி அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். “மன்னிச்சிடுங்கம்மா. ஐயா இல்லேன்னா இன்னிக்கு என் மானமே போயிருக்கும். நாளைக்கும் அவரை அனுப்பணும். வங்காள பாஷை, ருஷ்ய பாஷையெல்லாம்கூட அவருக்குத் தெரியுங்களா?”

சவுரியம்மாள் கூடையை இறக்கி வைத்தாள்.

“எந்தப் பாஷையா இருந்தா என்ன கண்ணு, அவருக்கு எல்லாம் ஒண்ணுதான். அல்ஜீரியாவுல குண்டு வெடிச்ச அன்னிக்கே ரெண்டு காதும் போயிடுச்சே!”