சிம்பொனிக்குள் புகுந்த ஒரோசியா

வால்தேரோ, அரகோன்
11 மே 1926

என் பிரியத்துக்கும் மரியாதைக்கும் உரிய அக்கா ரெமேதியோஸுக்கு,

தம்பி பசிலியோவின் வணக்கங்கள். நானும் என் மருந்துக்கடையும் நலம். வலென்சியாவில் உன் சுளுக்கிய கணுக்கால் வீக்கம் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அந்தச் சுளுக்கினால்தான் உன் மாப்பிள்ளை லியாந்த்ரோவின் முதல் சிம்பொனியை நீ கேட்க முடியாமல் போயிற்று. சரகோசா அரங்கில் சனிக்கிழமை நடந்ததை மற்றவர்கள் எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரொட்டிச் சூளைக்கார ஒரோசியாவை அங்கே அழைத்துப்போன பாவி நான்தான். போன வருஷம் மாப்பிள்ளை நாட்டுப்பாட்டு சேகரிக்க இங்கே வந்தபோது அவள் மாவு பிசைந்துகொண்டே நம்மூர் ஹோத்தா ஆட்டப்பாட்டு ஒன்றைப் பாடினாள், இவர் சட்டைக் கையெல்லாம் மாவாக அதை எழுதிக்கொண்டார், "அரகோனோட ஆன்மாவே கிடைச்சிடுச்சு மாமா!" என்று கட்டிப்பிடித்ததில் என் கோட்டும் வெள்ளையாயிற்று. அந்தப் பாட்டுதான் சிம்பொனியின் இரண்டாம் பகுதி. பாட்டைத் தந்தவளை முன்வரிசையில் உட்காரவைப்பதுதானே மரியாதை? வைத்தேன். ஓபோக் குழல் ஊதுகிறவர் அதே பாட்டை எடுத்தார், மெதுவாக, மிக மெதுவாக, சுரத்துக்குச் சுரம் பெருமூச்சு விட்டபடி. ஒரோசியா என் விலாவில் இடித்தாள்.

"மருந்துக்கடைக்காரரே, யாருங்க செத்துட்டாங்க?"

"ஷ்ஷ்! இது கலை."

"என்ன கலையோ! இந்த வேகத்துல பாடினா மாவு புளிச்சுப் போயிரும்!"

எழுந்துவிட்டாள் அக்கா, எழுந்தே விட்டாள், நான் பாவாடையைப் பிடித்து இழுக்க, அது கிழிந்த சத்தம் மாடிவரை கேட்க, "தம்பி லியாந்த்ரோ, இப்படிப் பிடிங்க!" என்று இடுப்பில் கைவைத்துப் பாட ஆரம்பித்துவிட்டாள். நாலு தெரு தாண்டி நிற்கும் கழுதையைத் திரும்பவைக்கும் குரல் அது. முரசுக்காரர் நம் அரகோனின் கலத்தாயுத் ஊர்க்காரராம், ரத்தம் சும்மா இருக்குமா, முதலில் அவர் அவள் கட்சிக்குத் தாவினார், அப்புறம் செல்லோக்கள், பாரிஸில் படித்த முதல் வயலின்காரர் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக அழுதுகொண்டிருந்துவிட்டு ஓடிவந்து சேர்ந்துகொண்டார். மாடியில் ஆட்டம், தலைக்குமேல் தொப்பிகள், ஒரு பாதிரியார் காலால் தாளம் போடுகிறார், நான் நாற்காலிக்கு அடியில்.

முடிந்ததும் ஒரோசியாவோடு மேடைக்குப் பின்னால் போனேன். மாப்பிள்ளை கண்கலங்கி நின்றார்.

"என்னை அடிச்சாலும் அடிங்க மாப்பிள்ளை."

"எதுக்கு மாமா? இந்தப் பகுதியில உயிர் இல்லைன்னு எனக்குத் தெரியும், எங்க போச்சுன்னுதான் தெரியல. இந்தம்மா நின்ன நிலையில காட்டிட்டாங்க!"

"அதுக்கு ஏன் அழறீங்க? காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடலையா?" என்று ஒரோசியா பையிலிருந்து ரொட்டியை எடுத்து நீட்டினாள்.

அடுத்த மாதம் மாட்ரிட்டில் கச்சேரி. அவளும் பாடுகிறாள். அரகோன் ஜெயித்துவிட்டது என்று உன் வலென்சியாக்காரர்களிடம் தலைநிமிர்ந்து சொல்.

பிலார் மாதா உன் காலையும் அத்தானின் பொறுமையையும் காக்கட்டும்.

உன் தம்பி,
பசிலியோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஒரோசியா தொண்டைக்கு மருந்து கேட்டு வந்தாள். "இந்தப் பாட்டு உங்க அம்மா சொல்லிக்கொடுத்ததா?" என்று பெருமையாகக் கேட்டேன். "அம்மாவா? ரெண்டு கோடைக்கு முன்ன வலென்சியாவுல இருந்து சோப்பு விக்க ஒருத்தர் வந்தாரே, அவர் கூவினது. வார்த்தையை மட்டும் நான் மாத்திக்கிட்டேன்" என்கிறாள். அக்கா, மேலே அரகோன் என்று வரும் இடங்களையெல்லாம் மையால் அடித்துவிடு. அந்த ஆள் உன் தெருப்பக்கம் வந்தால் கூடையோடு சோப்பை வாங்கிக்கொண்டு, மாட்ரிட் கச்சேரி முடியும்வரை அவரை உன் வீட்டிலேயே விருந்தாளியாக வைத்துக்கொள்.